கூரைதான் கடைசியில் போகிறது: வாசகர் கேள்வி பதில்

மழை பெய்யும் இரவுகளில் வேலூர் லாங்கு பஜார் கடை வாசல்களில் ஒதுங்கிப் படுப்பவர்களைப் பற்றிக் கடந்த இதழில் நான் எழுதிய அரைப் பக்கக் குறிப்புக்கு வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் பாதி என்னைக் கடிந்துகொள்பவை. நியாயமான கோபங்களையும் சேர்த்தே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில கேள்விகள் சொந்தக் குடும்பத்தைத் தொடுவதால் இம்முறை எவருடைய பெயரையும் வெளியிடவில்லை; ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: பணிக்காக வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலைப் பிடிக்கக் காட்பாடி சந்திப்புக்குச் செல்கிறேன். நிலையத்துக்கு வெளியே அதே ஆட்கள் அதே இடத்தில் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கை கால் நன்றாக இருப்பவர்களும் அவர்களுள் உண்டு. உழைத்தால் ஓர் அறையை வாடகைக்கு எடுக்க முடியாதா? சோம்பலுக்கு நாம் ஏன் இரக்கம் காட்ட வேண்டும்?
(காட்பாடி வாசகர்)

பதில்: நீங்கள் அவர்களைப் பார்ப்பது விடியற்காலை நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் உறங்குபவர் சோம்பேறி என்றால் நம்மில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வந்துவிடுவோம். அவர்களுள் சிலரை ஐந்தரை மணிக்கு நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளுக்கு அடியில் பார்க்கலாம். உணவு விடுதிகளின் பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள், கல்யாண மண்டபங்களில் பந்தி முடிந்ததும் இலை எடுப்பவர்கள், பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போடுபவர்கள் என, நான் பேசிப் பார்த்தவர்களுள் ஏதாவதொரு வேலை செய்யாதவர் மிகக் குறைவு. அவர்களுக்கு வேலை உண்டு. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அது கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். வருமானம் முகூர்த்தத்தைப் பார்த்து வருகிறது. வாடகையோ மாதம் பிறந்ததும் வந்து நிற்கிறது.

வாடகை மட்டுமாவது இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. தெருவில் அதை யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. முன்பணத்துக்குப் பிறகு ஆதார் அட்டை கேட்பார்கள். அதற்கும் பிறகு, 'குடும்பமா வர்றீங்களா, தனியாளா?' என்று கேட்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் கடைசியாக, குரலைச் சற்றுத் தாழ்த்தி, 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பார்கள். வட ஆற்காட்டில் வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் இந்தக் கடைசிக் கேள்வி எதைப் பற்றியது என்று விளக்க வேண்டியதில்லை. தனியாக வரும் ஐம்பத்தைந்து வயது ஆண், அழுக்கேறிய பையோடு, மூட்டை தூக்குவது தொழில் என்று சொன்னால், கையில் பணம் இருந்தாலும் அவருக்குக் கதவு திறப்பதில்லை.

இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மண்டபத்தில் இலை எடுக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். தோளில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு பாலித்தீன் உறை, அதற்குள் இன்னோர் உறை. அதற்குள் நான்காக மடித்த குடும்ப அட்டை. அட்டையில் அவர் மனைவியின் பெயரும் இருந்தது. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலாற்றங்கரையில் வாணியம்பாடிப் பக்கம் அவருக்கு ஓர் ஏக்கருக்குக் குறைவான நிலமும் ஒரு கிணறும் இருந்திருக்கின்றன. தோல் பதனிடும் கழிவு இறங்கிக் கிணற்று நீர் உப்பாகி, நெல்லும் வரவில்லை, கடைசியில் தென்னையும் காய்க்கவில்லை. (இந்தப் பாதிப்புக்காகத்தான் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், இயற்கையைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவருடைய நிலம் அதற்கு முன்பே அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது.) பிறகு செருப்புக் கம்பெனியில் வேலை, அங்கே விரல் நசுங்கியது, பிறகு குடி, பிறகு மனைவியின் மரணம், பிறகு மைத்துனர் வீட்டுத் திண்ணை, ஒரு பொங்கல் நாளில் ஏதோ வாய்ச்சொல், அதோடு அந்தத் திண்ணையும் இல்லை. 'எப்போது வீடு போனது?' என்று மனுவில் தேதி குறிப்பதற்காகக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வீடு கடைசியாத்தான் சார் போச்சு. முதல்ல போனது, உள்ள வான்னு சொல்ற ஆளு" என்றார். மனுவில் அதை எழுத இடம் இல்லை.

காரணம் என்ன என்று என்னைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிவருகிறேன். நிலம், உடம்பு, வேலை, உறவு, காகிதம் என ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகே கூரை போகிறது. நாம் அந்த மனிதரை முதன்முதலாகப் பார்ப்பது கூரை போன பிறகு. அதனால் குடியைக் காரணமாகப் பார்க்கிறோம், அது எத்தனையாவது படி என்று பார்ப்பதில்லை. கட்டடக் கூரையின் கீழ் வாழாமல் சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களுக்குள், மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் வாழ்பவரையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றவர் என்று வகுக்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவில் அப்படி எண்ணியபோது நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தனர். 2001-ஐவிட மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தது. நகரங்களில் மட்டும் அது 7.8 லட்சத்திலிருந்து 9.4 லட்சமாக உயர்ந்திருந்தது. ஒரே இரவில் எண்ணுவது என்பதால், அன்று மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு அங்கேயே படுத்தவர் அதில் விடுபட்டிருப்பார்.

கேள்வி: எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் பல நாட்களாக அமர்ந்திருக்கிறார். தனக்குத்தானே பேசுகிறார்; ஆடை சரியாக இல்லை. இரவில் அவருக்கு என்ன நேருமோ என்று அச்சமாக இருக்கிறது. யாரை அழைப்பது? காவல்துறையை அழைத்தால் அவரைத் துன்புறுத்திவிடுவார்களோ?
(சத்துவாச்சாரி வாசகி)

பதில்: தயங்காமல் காவல்துறையை அழையுங்கள், ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அழையுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, மனநோயால் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவர் என்று கருதத்தக்க ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. கடமை என்றுதான் சட்டம் சொல்கிறது. விருப்பம் என்று சொல்லவில்லை. 24 மணி நேரத்துக்குள் அவரை அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் பகுதிக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் பொறுப்பு. நேரில் சென்று, தேதியிட்டு, எழுத்து மூலம் ஒரு தகவல் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது மறக்கப்படுவதைப் போல, காகிதத்தில் சொன்னது எளிதில் மறக்கப்படுவதில்லை. பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அவர் பேசுவது எந்த மொழி என்று கவனியுங்கள். ஆந்திர எல்லையை ஒட்டி, வடக்கிலிருந்து வரும் ரயில்கள் நிற்கும் சந்திப்பை வைத்துக்கொண்டிருக்கும் நம் ஊரில், புரியாத மொழியே பல நேரங்களில் பித்தாகத் தெரிந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், பேருந்து நிலையத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு முதிய பெண்மணியை நாங்கள் எல்லோரும் மனநோயாளி என்றே தீர்மானித்திருந்தோம். லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்த வங்காளப் பையன் தண்ணீர் பாட்டில் வாங்க வந்தவன் நின்று கேட்டான். அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய ஊர்ப் பெயர். சிகிச்சைக்கு வந்த இடத்தில் மகனைத் தவறவிட்டிருக்கிறார். அந்தப் பையன் அவரிடம் பேச ஆரம்பித்ததும் அந்த அம்மாள் செய்த முதல் காரியம், தலையில் முக்காட்டைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டதுதான்.

உண்மையிலேயே நோய் இருந்தால் சிகிச்சையால் தேறுவதற்கு வாய்ப்பு மிகுதி. வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட மனநல மையம், நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையால் பெயர் பெற்றது. சமைப்பது, மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, நோயின் போக்கைக் கவனிப்பது எல்லாம் வீட்டாரின் பங்கு. அந்த முறையின் சிறப்பே, வீடற்றவருடைய இழப்பு எவ்வளவு பெரியது என்பதையும் காட்டிவிடுகிறது. மாத்திரையை எவர் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், உடன் தங்குவதற்கு ஆள் எங்கே? குடும்பம் இல்லை, தங்க இடமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ வழி செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சென்னையில் 1993-இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, தெருவில் கண்டெடுத்த பெண்களைத் தேற்றி ஊர்களுக்கு அனுப்பியதோடு நிற்காமல், திரும்பிச் செல்ல இயலாதவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தியும் காட்டியிருக்கிறது. அதற்கு வீடு தர ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

கேள்வி: சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிமாநிலத்தார் நடைபாதையில் படுத்திருக்கிறார்கள். இவர்களும் வீடற்றவர்கள் ஆவார்களா?
(வேலூர், காந்தி சாலை வணிகர்)

பதில்: கணக்கெடுப்பின்படி ஆகமாட்டார்கள், பெரும்பாலோருக்கு வங்காளத்திலோ ஜார்க்கண்டிலோ அசாமிலோ வீடு இருக்கிறது. உங்கள் சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காள மொழிப் பெயர்ப்பலகைகள் ஏன் தொங்குகின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பத்து நாளில் முடியும் என்று நினைத்து வந்த சிகிச்சை இரண்டு மாதமாக நீளும்போது, முதலில் லாட்ஜில் அறை மாறும். அடுத்து லாட்ஜே மாறும். பிறகு சமைத்துச் சாப்பிட ஒரு ஸ்டவ் வாடகைக்கு எடுப்பார்கள். கடைசியில் நோயாளி உள்ளே, உடன் வந்தவர் நடைபாதையில். இதற்குள் ஊரில் ஒரு துண்டு நிலம் அடமானத்துக்குப் போயிருக்கும். நோய்ச் செலவு ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவதன் தொடக்கக் காட்சியை நீங்கள் உங்கள் கடை வாசலிலேயே பார்க்கிறீர்கள். இறுதிக் காட்சி ஆயிரம் மைலுக்கு அப்பால், வேறொரு ரயில் நிலையத்தில் நடக்கும். கடை அடைத்த பிறகு வாசற்படியில் அவர்கள் படுப்பதை நீங்கள் தடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே தொடருங்கள்.

கேள்வி: என் கணவர் இறந்த பின், இருந்த ஒரே வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது மருமகளுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை; முதியோர் இல்லத்துக்குப் போ என்கிறார்கள். எனக்கு 68 வயது. நான் என்ன செய்ய வேண்டும்?
(ஆற்காடு வாசகி)

பதில்: அம்மா, முதலில் வீட்டை விட்டு வெளியேறாதீர்கள். கோபத்தில் ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பூட்டு மாற்றப்பட்ட கதைகளை நான் எண்ணிக்கையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் கோட்டாட்சியரிடம் நீங்களே மனு கொடுக்கலாம், உங்களுக்கு இராணிப்பேட்டை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மகன் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் அத்தீர்ப்பாயத்துக்கு உண்டு. அதைவிட முக்கியமானது 23-ஆவது பிரிவு. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். உங்கள் பத்திரத்தில் அப்படியொரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இல்லையென்றாலும் மனுவைக் கொடுங்கள். பராமரிப்புத் தொகைக்கு அந்த வரி தேவையில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணை வெளியேற்றுவதற்கு எதிராக 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கும். அது மனைவிக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள், தாய்க்கும் அது பொருந்தும். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: எழுதிக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையை நிறுத்திக்கொண்டு, பராமரிப்பு நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். பத்திரம் எழுதுபவர் 'சொந்தப் பிள்ளைக்கு எதுக்கும்மா நிபந்தனை?' என்பார். அவர் எழுதும் பத்திரத்தில் இரண்டு வரி கூடினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு வரும் இருளர் பிள்ளைகள் ஏரிக்கரைக் குடிசையிலிருந்து வருகிறார்கள். சில மாதம் வருவார்கள், பிறகு காணாமல் போய்விடுவார்கள். அரசு இத்தனை வீட்டுத் திட்டங்களை அறிவிக்கிறதே, இவர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?
(குடியாத்தம் வட்டம், ஆசிரியர்)

பதில்: வீடு கட்டிக்கொடுக்கும் திட்டங்கள் பெரும்பாலும் நிலம் உள்ளவருக்கு வீடு தருகின்றன என்பதுதான் சுருக்கமான விடை. மாநில அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் ஊரகங்களில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்னும் இலக்கோடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற மதிப்பீட்டில் நடைபெறுகிறது. நல்ல தொகை. ஆனால் அந்தப் பட்டியலுக்குள் வர முதலில் கையில் பட்டா வேண்டும். ஏரிக்கரையும் ஓடைப் புறம்போக்கும் நீர்நிலை என்பதால் அங்கே பட்டா தர முடியாது. அவர்கள் வேறிடத்தில் மனை கேட்டால் சாதிச் சான்று கேட்பார்கள். சான்றுக்குப் போனால் பெற்றோர் சான்று கேட்பார்கள். பெற்றோர் எந்த அலுவலகத்தின் படியையும் ஏறியதில்லை. ஒவ்வோர் அதிகாரியும் தம் மேசையளவில் நியாயமாகவே நடந்துகொள்கிறார். அந்த நியாயங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது.

பிள்ளைகள் காணாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆசிரியரான நீங்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இப்பதிலைச் சற்று நீட்டுகிறேன். நம் வட ஆற்காடு மாவட்டங்களிலும் அண்டைப் பகுதிகளிலும் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் தொழில் ஆகியவற்றில் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி அவ்வப்போது வருவதைப் படித்திருப்பீர்கள். திருமணத்துக்கோ பிரசவத்துக்கோ வாங்கிய சில ஆயிரம் ரூபாய்க்காகக் குடும்பத்தோடு முதலாளியின் இடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு குடிசை கிடைக்கும். அந்தக் குடிசைதான் பூட்டு. கடன் தீரும்வரை வெளியே போகக் கூடாது. வெளியே போனால் குடிசையும் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. மீட்கப்படுபவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், வருவாய்த் துறை தரும் விடுதலைச் சான்றும் இன்று உண்டு. ஆனால் விடுதலைச் சான்று கிடைத்த அன்று இரவு அவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்கு அச்சான்றில் விடை இல்லை. பழைய ஏரிக்கரைக்குத் திரும்புகிறார்கள். ஆக்கிரமிப்பு அகற்றும் புல்டோசர் அங்கே வருகிறது. ஏரியைக் காப்பது அவசியம்தான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த எவரும் அதை மறுக்கமாட்டார். எனினும் ஏரியின் வயிற்றில் கட்டிய கல்யாண மண்டபத்துக்கும் அதன் கரையில் குத்தவைத்திருக்கும் குடிசைக்கும் ஒரே அறிவிக்கை போகிறது. முன்னவருக்குத் தடையாணை வாங்கத் தெரியும்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பிள்ளைகள் பெயரில் பழங்குடிச் சான்றுக்கான விண்ணப்பங்களைப் பள்ளியே தொகுத்து, ஒரே நாளில், வட்டாட்சியர் வழியாகக் கோட்டாட்சியரிடம் அனுப்புங்கள். தனித்தனியாகப் போனவை திரும்பி வந்திருக்கின்றன. தலைமையாசிரியர் முத்திரையோடு இருபது விண்ணப்பம் சேர்ந்து போனபோது விசாரணைக்கு ஆள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஞாயிறுதோறும் நண்பர்களோடு சேர்ந்து உணவுப் பொட்டலம் வழங்குகிறோம். இது சரியா, தவறா?
(வேலூர் கல்லூரி மாணவர்கள்)

பதில்: சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு மூன்று பிரியாணி கிடைக்கிறது, செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை. கிழமையை மாற்றுங்கள், பெயரைக் கேளுங்கள், படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: பிச்சையெடுப்பதைச் சட்டப்படி தடை செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே?
(திருப்பத்தூர் வாசகர்)

பதில்: தடை ஏற்கெனவே இருக்கிறது. 1945-லேயே சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. எண்பது ஆண்டு ஆகியும் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே அதன் பயனைச் சொல்லும். தில்லியில் நடைமுறையில் இருந்த இதே போன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கிவிட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் இதே கோரிக்கை வந்தபோது, இதை மேட்டுக்குடிப் பார்வையில் அணுக முடியாது, வறுமையே இதற்குக் காரணம் என்ற கருத்தில் நீதிபதிகள் தடை விதிக்க மறுத்தனர். நிலையாக ஓரிடத்தில் இல்லாதவரைக் குற்றவாளியாகக் கருதும் பழக்கம் 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்தே நமக்கு வந்த சொத்து. அச்சட்டம் 1952-இல் போய்விட்டது. ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் நரிக்குறவர் கூடாரத்தைச் சோதிக்கும் வழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை.

உங்கள் கேள்வியின் இன்னொரு பக்கத்தை இந்த மண்ணிலேயே ஒருவர் பார்த்திருக்கிறார். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு வெளியே போன சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். கை நேராகிவிட்டதால் பிச்சை குறைந்துவிட்டது. தொழுநோயாளி என்பதால் வேலையும் வீடும் கிடைக்கவில்லை. கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது என்று உணர்ந்துதான் அவர்கள் தங்கித் தச்சு முதலிய தொழில் கற்க 'நவ ஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பை அவர் அமைத்தார். 1955-இல் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே மருத்துவமனை எழுந்தது. பிச்சையைத் தடுப்பதற்கு வேலூர் கண்ட வழி அது. தடியைக் கொண்டு தடுத்ததாக எனக்கு ஓர் உதாரணமும் அகப்படவில்லை.

கேள்வி: அமெரிக்கா போன்ற செல்வ நாட்டிலும் வீடற்றோர் இருக்கிறார்களாமே, எப்படி?
(இராணிப்பேட்டை மாணவி)

பதில்: இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் 7,71,480 பேர். நம்மைவிட மக்கள்தொகை குறைந்த நாட்டில் இது பெரிய எண்ணிக்கை. ஆனால் அவர்கள் காப்பகத்தில் தங்குபவரையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதால் நம் கணக்கோடு அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. அங்கே முதன்மைக் காரணம் வாடகை. தனியாளுக்கு மலிவாகக் கிடைத்த ஒற்றை அறை விடுதிகள் நகரங்களில் இடிக்கப்பட்டன. பெரிய மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டபோது அவற்றுக்கு ஈடான ஊர்ப்புறச் சிகிச்சை வசதி வரவில்லை. பொது இடத்தில் உறங்குபவருக்கு நகராட்சி தண்டனை விதிக்கலாம், அது அரசியலமைப்பு தடுக்கும் கொடிய தண்டனை ஆகாது என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்லாந்து 2008 முதல் வேறு வழியில் நடக்கிறது: குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்று சொல்லாமல், முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கிறார்கள். 2023-க்குள் அங்கே எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இலை எடுப்பவர் சொன்னதை அவர்கள் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்: கடைசியாகப் போனதை முதலில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: மாநகராட்சிகள் வீடற்றோருக்கு இலவசத் தங்குமிடம் நடத்துகின்றன என்று அறிகிறேன். அப்படியிருந்தும் ஏன் நடைபாதையில் படுக்கிறார்கள்? வேண்டுமென்றே போக மறுப்பவர்களுக்கு என்ன செய்வது?
(வேலூர், ஓய்வுபெற்ற அரசு அலுவலர்)

பதில்: தில்லிக் குளிரில் தங்குமிடம் இடிக்கப்பட்டு மக்கள் தெருவில் நின்றதை அடுத்து, 2010-இல் உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் இதைக் கையிலெடுத்தது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் இடம் ஒன்று வேண்டும் என்ற அளவுகோல் அப்போது உருவானது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கி, நாள் முழுவதும் திறந்திருக்கும் தங்குமிடங்களுக்கு நிதி ஒதுக்கியது. இவை குளிரை மனத்தில் வைத்துப் பிறந்தவை. வேலூரில் ஆளை வாட்டுவது அக்னி நட்சத்திரம். மே மாத இரவில் தகரக் கூரைக்குக் கீழே ஐம்பது பேரோடு படுப்பதைவிடக் கோட்டை அகழிக்கரைக் காற்று மேல் என்று ஒருவர் சொன்னால், அதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றக் காரணங்களும் எளியவை. ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு வேறிடம் என்றால் கணவனும் மனைவியும் போகமாட்டார்கள். மூட்டையை வைக்கப் பூட்டுள்ள அலமாரி இல்லையென்றால், பொறுக்கிய பாட்டில்களை வைத்திருப்பவர் போகமாட்டார். விடியற்காலை மார்க்கெட்டில் லாரி வந்து நிற்கும்போது அங்கே இருப்பவருக்குத்தான் மூட்டை கிடைக்கும் என்பதால், மார்க்கெட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டில் கூலிக்காரருக்குப் பயன்படாது. நாய் வளர்ப்பவர் நாயை விட்டுவிட்டு வரமாட்டார். அந்த நாய்தான் இரவெல்லாம் அவருக்குக் காவல். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி வெற்றி பெற்றதற்குக் காரணம் விலை மட்டுமன்று; அது ஆட்கள் வேலை செய்யும் இடத்தருகே இருந்தது, யார் எவர் என்று கேட்காமல் தட்டை நீட்டியது. தங்குமிடத்தையும் அப்படி நடத்தினால் நீங்கள் 'மறுப்பவர்கள்' என்று சொல்கிறவர்களின் எண்ணிக்கை பாதியாகும் என்பது என் கணிப்பு.

அரசுப் பணியில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை என எதற்குப் போனாலும் அவர்களை முதலில் தடுப்பது முகவரி. ஆனால் வாக்காளர் பட்டியலில் சேர வீட்டு முகவரிச் சான்று வேண்டியதில்லை என்று தேர்தல் ஆணையத்தின் நடைமுறையே சொல்கிறது. படிவம் 6-இல் தாம் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். காட்பாடி நிலைய வாசலில் படுப்பவர்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவர் தேவை. அலுவலரைப் பகலில் அலுவலகத்தில் பார்த்து, 'இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள்?' என்று கேட்கத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை மாலை நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் நான் இருப்பேன். மேலே முதல் கேள்வியை எழுதிய காட்பாடி வாசகரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய முகங்களை நம் எல்லோரையும்விட அவர்தான் நன்றாக அறிவார்.